மொரிஷியஸ் ஹோட்டலில் வீகன் டேஸ்டிங் மெனு: முதல் தடவை போகிறவர்களுக்கு

சைவம்தானே, நமக்குத் தெரியாததா என்ற தெம்பில்தான் நான் முதல் தடவை போனேன். மேற்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டல், பெயர் வேண்டாம். இணையத்தில் முன்பதிவு செய்யும்போது 'வெஜித்தாரியன்' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் போட்டுவிட்டுப் பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டாவது தட்டிலேயே பரங்கிக்காய் சூப்பின் தலையில் சீஸ் நுரை. பரிமாறிய பையன் பாவம், பதறிப்போய் எடுத்துக்கொண்டு போனான், அதற்குப் பதிலாக ஒரு கிண்ணம் இலைதழை வந்தது. நான்காவது தட்டில் வெண்ணெய். கடைசியில் வந்த இனிப்பில் தேன். பில்லில் மட்டும் ஒன்றும் குறையவில்லை. தப்பு முக்கால்வாசி என்னுடையது, ஏனென்றால் நான் வீகன், அதாவது பால், வெண்ணெய், தேன்கூடத் தொடாத சைவம் என்று அவர்களிடம் யாருமே சொல்லவில்லை, நான் உட்பட.

அதற்கப்புறம் நான்கைந்து தடவை போயாயிற்று. இப்போது அலுவலகத்துக்குப் புதிதாக வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் "அக்கா, வெட்டிங் டேக்கு வொய்ஃபை எங்கே கூட்டிப்போறது, அவ பால்கூடத் தொடமாட்டா" என்று கேட்கும்போதெல்லாம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், இது என்ன சாப்பாடு

டேஸ்டிங் மெனு இங்கே பெரும்பாலும் பிரெஞ்சுப் பெயரில்தான் இருக்கும், மெனு தெகுஸ்தாசியோன் என்று. ஐந்து முதல் ஒன்பது தட்டு வரை, ஒன்று முடிந்தபின் ஒன்று வரும், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வாய்தான் இருக்கும். எது வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, சமையல்காரர் வைத்த வரிசைதான். பயமாக இருந்தால் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் நாம் மெனு கார்டு பார்த்தா சாப்பிடுகிறோம்? வாளியில் எது வருகிறதோ அது. என்ன, பந்தியில் எல்லாம் ஒரே இலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இங்கே ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு, தனிக் கரண்டி, நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருப்பு. மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அவசரக்காரர்களும், பேச ஒன்றுமில்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஜோடிகளும், நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவர்களும் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் காசு கொடுக்காமலே இதைவிட நல்ல வீகன் சாப்பாடு உண்டு. கோயில் விசேஷத்திலும் கல்யாணத்திலும் போடுகிற ஏழு கறி, செத் காரி என்பார்கள். வாழையிலையில் சோறு, க்ரோ ப்வா கறி (நம் ஊர் டபுள் பீன்ஸ்தான், பெரிய பெரியதாக இருக்கும்), பரங்கிக்காய், வாழைக்காய் அல்லது பலாக்காய், கீரை, ஆச்சார், அப்பளம், ராசோன். ராசோன் என்றால் ரசம், வேறென்ன. பாயசத்தையும் எங்காவது ஊற்றுகிற நெய்யையும் விட்டுவிட்டால் அந்த இலையில் பால் சம்பந்தப்பட்டது எதுவும் இருக்காது. ஹோட்டலுக்குப் போகும்முன் ஒரு தடவையாவது இதைச் சாப்பிட்டிருங்கள். நாக்குக்கு ஒரு அளவுகோல் வேண்டும் இல்லையா.

எல்லாத் தகராறும் ஒரு சொல்லில்தான்

பிரெஞ்சில் 'வெஜித்தாரியன்' என்றால் சைவம், 'வெஜித்தாலியன்' என்றால் வீகன். ஒரு 'ர', ஒரு 'ல', அவ்வளவுதான் வித்தியாசம். போனில் நம் உச்சரிப்பில் சொன்னால் கேட்கிறவர் காதில் எது விழும் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. வீகன் என்ற சொல்லையும் நம்பி இருக்காதீர்கள். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் உண்டாக்கிய சொல் அது, வெஜிடேரியன் என்பதன் தலையையும் வாலையும் ஒட்டிச் செய்தது. இன்று சமையலறையில் எல்லோருக்கும் தெரியும் என்றாலும், அவரவர் மனதில் அதற்கு அவரவர் எல்லை. தேன் சேர்த்தியா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். தமிழில் நனிசைவம் என்று அழகாக ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அதை இங்கே வரவேற்பில் சொல்லிப் பிரயோசனமில்லை.

என் மாமியார் வேறு வழி வைத்திருக்கிறார். இங்கேயே பிறந்தவர், ரோஸ் ஹில்காரர், தைப்பூசக் காவடிக்கு வருஷா வருஷம் பத்து நாள் விரதம் இருப்பவர். எங்கே போனாலும் "மோ பே ஃபேர் கரேம்", அதாவது நான் விரதத்தில் இருக்கிறேன் என்பார். உடனே எந்தக் கடையிலும் புரிந்துகொள்வார்கள், தமிழர் விரதம் என்றால் என்ன என்று இந்தத் தீவில் சீனக் கடைக்காரருக்கும் தெரியும், தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை ஆயிற்றே. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. கரேம் என்றால் இறைச்சி, மீன், முட்டை நிற்கும், பாலும் நெய்யும் நிற்காது. அத்தைக்கு அது போதும், எனக்குப் போதாது.

அதனால் பெயரே சொல்லாதீர்கள். எது சாப்பிடமாட்டேன் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுங்கள். இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் இப்படி: "மோ பா மான்ஸ் லாவியான், பூல், ப்வாஸோன், திஸெஃப், திலே, திபேர், ஃப்ரோமாஸ், திமியெல்." வரிசையாக இறைச்சி, கோழி, மீன், முட்டை, பால், வெண்ணெய், சீஸ், தேன். நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். ஹோட்டலில் ஆங்கிலமும் பிரெஞ்சும் தாராளமாகப் புழங்கும்தான், ஆனால் கிரியோலில் சொன்னால் பரிமாறுகிறவர் முகம் மலரும், விஷயம் சமையலறைக்குள் அப்படியே போய்ச் சேரும். எங்கள் அலுவலகத்துத் திருநெல்வேலித் தம்பி 'திஸெஃப்' வராமல் 'தீ சேஃப்' என்று சொல்லிவிட்டு வந்தான், அதற்கே அவனுக்கு ராஜ உபசாரம்.

போன் பேசுவது

இணையக் கட்டத்தில் டிக் போடுவதோடு நிறுத்தினால் என் கதைதான் உங்களுக்கும். இரண்டு நாள் முன்னதாகவாவது போன் செய்யுங்கள், மூன்று நாள் என்றால் இன்னும் நல்லது. நேரமும் பார்த்துச் செய்யுங்கள்: மதியச் சாப்பாடு ஓய்ந்து இரவு வேலை தொடங்காத மூன்று மணி, மூன்றரை மணி. ஹோட்டல் பொது எண்ணில் எடுப்பவர் எல்லாவற்றுக்கும் "வி மதாம், வி மதாம்" (சரி அம்மா, சரி அம்மா) என்பார், அதை நம்பி வைத்துவிடாமல் உணவகத்துக்கு இணைப்புக் கேளுங்கள்.

கேட்க வேண்டியதில் முதலாவது, வீகனுக்கென்று தனியாகச் செய்த வரிசையா, இல்லை இருக்கிற மெனுவிலிருந்து மீனையும் வெண்ணெயையும் எடுத்துவிட்டுத் தருவதா என்பது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பிரெஞ்சு வழியில் படித்த சமையலறையில் ருசியின் அஸ்திவாரமே வெண்ணெய், க்ரீம், எலும்பு வேகவைத்த சாறு. அஸ்திவாரத்தை உருவிவிட்டு மேல்மாடியை மட்டும் கொடுத்தால் நாக்கில் ஒன்றும் நிற்காது. முடியாதது என்றில்லை, பிரான்ஸிலேயே போர்தோ பக்கம் ஆரெஸ் என்ற ஊரில் கிளேர் வாலே நடத்திய ஓனா உணவகத்துக்கு 2021இல் நல்ல உணவகங்களுக்குத் தருகிற மிஷ்லான் நட்சத்திரம் கிடைத்தது, முழுக்க வீகன், பிரான்ஸில் அப்படி ஒன்றுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. நியூயார்க்கின் இலெவன் மேடிசன் பார்க் உணவகமும் அதே 2021இல் இறைச்சியை விட்டது, ஆனால் 2025இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. பெரிய கடைகளுக்கே இது கழைக்கூத்து என்றால் சாதாரண ஹோட்டல் எந்த மூலைக்கு? இரண்டு நாள் அவகாசம் கேட்பதன் காரணம் இதுதான், அவர்களும் ஒரு காய்கறிச் சாறு காய்ச்சி வைக்க வேண்டாமா.

அப்புறம் கேளுங்கள்: மேசையில் இருக்கிற எல்லோரும் இதையே எடுக்க வேண்டுமா? பல இடங்களில் அப்படி ஒரு விதி உண்டு, ஒருவருக்கு டேஸ்டிங் மெனு என்றால் மேசை முழுக்க அதுதான், இல்லாவிட்டால் தட்டு வருகிற நேரம் ஒத்துப்போகாது. கணவர் மீன் சாப்பிடுகிறவர் என்றால் அவருக்கு மீன் உள்ள டேஸ்டிங் மெனு, உங்களுக்கு இது என்று கலந்து தருவார்களா என்று அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

முந்திரி, வேர்க்கடலை, சோயா, கோதுமை இதில் எதுவாவது உடம்புக்கு ஆகாது என்றால் தெளிவாகச் சொல்லுங்கள். இது சும்மா சம்பிரதாயம் இல்லை. க்ரீமுக்குப் பதில் முந்திரிப் பால், சீஸுக்குப் பதிலும் முந்திரி, முட்டைக்குப் பதில் சோயா என்றுதான் வீகன் சமையல் ஓடுகிறது, சைவத்தில் இல்லாத ஆபத்து இங்கே கூடுதல்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒன்று. "டோஃபு வேண்டாம், இந்த ஊர்க் காய்கறியில் செய்து கொடுங்கள்" என்று சொல்லுங்கள். வீகன் என்றவுடன் வெளிநாட்டு விருந்தாளியை நினைத்துக்கொண்டு பீட்ரூட்டை மாட்டிறைச்சித் துண்டு மாதிரி வெட்டி, சிவப்புச் சாறு வடிய வைத்துக் கொண்டுவருகிறார்கள். பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சியே பார்க்காத எனக்கு அதன் நகல் எதற்கு? சமையலறையில் கீரை நறுக்குகிற பையனின் பாட்டி வீட்டில் இதைவிட நல்ல சரக்கு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு. போன தடவை நான் இப்படிச் சொன்னபோது மறுமுனையில் ஒரு சின்ன மௌனம், பிறகு "பிரேத் சாப்பிடுவீர்களா மதாம்?" என்று கேட்டார். பிரேத் என்றால் கீரை. சாப்பிடுவேனாவது!

மெனுவில் பெயர் புரியவேண்டும் என்பதற்காகச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன், பாதி நம் காதுக்குத் தெரிந்த ஓசைதான். பிப்பங்காய் என்பது பீர்க்கங்காய். பத்தோல் புடலங்காய். பிரேத் மூரூம் முருங்கைக்கீரை. மார்கோஸ் பாகற்காய், லாலோ வெண்டைக்காய், ஜிரோமோன் பரங்கிக்காய், ப்ரேஞ்செல் கத்தரிக்காய். சோன்ஜ் என்றால் சேம்பு, பிரேத் சோன்ஜ் அதன் இலை. பொம் தாமூர் என்று படித்துவிட்டு ஆப்பிள் என்று நினைக்காதீர்கள், அது தக்காளி. அதில் செய்கிற கெட்டிக் குழம்பு ருகாய். சூசூ என்பது சௌசௌ. ஃப்ரூயி-தா-பேன் என்று ஒன்று வரும், அது சீமைப்பலா, கன்னியாகுமரிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

காசு, துணி, வாசல்

நாங்கள் கடைசியாகப் போன இடத்தில் ஆளுக்கு 3,500 ரூபாய், மொரிஷியஸ் ரூபாய். ஊரிலிருந்து வந்த புதிதில் எல்லோரும் மனதுக்குள் இந்திய ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வோம், அந்தப் பழக்கத்தை அன்று ஒரு ராத்திரி மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். சொன்ன விலையில் 15 சதவீத வாட் வரி அடக்கமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அந்த ஹோட்டலில் அரைப் போர்டில் (அறை வாடகையோடு காலை, இரவுச் சாப்பாடும் சேர்த்தி) தங்கியிருக்கிறீர்கள் என்றால் டேஸ்டிங் மெனுவுக்கு மேலே கொஞ்சம் கட்டினால் போதும் என்று சில இடங்களில் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

ஆண்களுக்கு முழுக்கால் சட்டை, மூடிய ஷூ. கடற்கரைதானே என்று அரைக்கால் சட்டையும் செருப்புமாகப் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். வேட்டி கட்டலாமா? என் கணவர் ஒரு தடவை போனிலேயே கேட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு வந்தார், ஒரு பிரச்சினையும் இல்லை, பக்கத்து மேசை வெள்ளைக்காரப் பாட்டி படம் எடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

வெளியாள் ஹோட்டலுக்குள் போக வாசல் காவலரிடம் முன்பதிவுப் பெயர் சொல்ல வேண்டும். நம் பெயர்களை இவர்கள் எழுதிவைக்கிற அழகே தனி, ஆகவே உறுதிச் செய்தியைப் போனில் எடுத்துத் தயாராக வையுங்கள். கடற்கரை ஹோட்டல்களுக்கு மெட்ரோ போகாது, சாப்பிட்டு முடிக்கிற பத்தரை மணிக்குப் பஸ்ஸையும் எதிர்பார்க்க முடியாது. டாக்ஸிக்காரரிடம் போக வர சேர்த்தே விலை பேசிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் பட்டினி கிடந்து போகாதீர்கள். இரண்டு தால் பூரி, அதுவும் ஒரு மணிக்கு முன்னால், சரியாக இருக்கும். அகோரப் பசியோடு போனால் முதல் மூன்று தட்டையும் ருசியே தெரியாமல் விழுங்கிவிட்டு, நான்காவது எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உட்கார்ந்தபின்

பரிமாற வருகிறவரிடம் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை சொல்லுங்கள், போனில் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். கூச்சமே வேண்டியதில்லை.

முதல் பொறி ரொட்டி. சாதாரண பிரெஞ்சு நீள ரொட்டி என்றால் மாவும் தண்ணீரும் உப்பும் ஈஸ்டும்தான், தைரியமாகச் சாப்பிடலாம். மஞ்சளாக, மெத்தென்று, பளபளவென்று வந்தால் அது ப்ரியோஷ், வெண்ணெயும் முட்டையும் இல்லாமல் அது இல்லை. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வருவது பெரும்பாலும் வெண்ணெயாகத்தான் இருக்கும், எண்ணெய் கேளுங்கள். ரொட்டியிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள், இது சைவம் அசைவம் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வது.

கணக்கில் வராமல் வரும் முதல் வாய்க்கு ஆமூஸ் பூஷ் என்று பெயர், சமையலறை சும்மா தருவது. எங்களுக்கு வந்தது கோலிக்குண்டு அளவில் ஒரே ஒரு காத்தோ பிமோன். மிளகாய்க் கேக் என்று அர்த்தம், ஆனால் கேக்கும் இல்லை ஒன்றும் இல்லை, நம் பருப்பு வடையின் தம்பி, தெருமுனையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறதுதான். அதைத் தாமரைப்பூ மாதிரி ஒரு தட்டில் நட்ட நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அத்தை அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மோ தீஃபி (என் பொண்ணே), இதை வாங்கவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார். சாப்பிட்டபின் பேசவில்லை, நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து பால்மிஸ்த். பனைக் குடும்பத்து மரம் ஒன்றின் குருத்து, மெல்லிய தகடாகச் சீவி, பாஷன் பழச்சாறு தெளித்து. ஒரு குருத்துக்கு ஒரு மரத்தையே வெட்டவேண்டும், அதனால் கோடீஸ்வரர் சாலட் என்று இதற்கு ஒரு பெயர். தென்னை விழுந்த வீட்டில் குருத்து தின்றவர்களுக்குப் புதுசாக ஒன்றும் இல்லை, அந்த வெள்ளை இனிப்பும் நறுக்கென்ற கடியும் அதேதான். இந்த மாதிரித் தட்டை முள்கரண்டியில் அள்ளி வாயில் போட்டு முடித்துவிடாமல், முதலில் குருத்தை மட்டும் ஒரு துண்டு, அப்புறம் சாறோடு ஒரு துண்டு என்று சாப்பிட்டுப் பாருங்கள். டேஸ்டிங் மெனுவில் எதையும் அப்படித்தான், தனியாக ஒரு வாய், சேர்த்து ஒரு வாய்.

மூன்றாவதாக ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த சாறு. கன்சொமே என்று அட்டையில் போட்டிருந்தது. வாயில் வைத்தால் மிளகும் புளியும் பூண்டும். "ராசோன்!" என்றார் அத்தை பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி. பரிமாறினவர் சிரித்துவிட்டார், அவர் வீட்டிலும் அதுதானாம். சாறு, சூப் என்று எது வந்தாலும் அடியில் கோழிச் சாறு இருக்கிறதா என்று கேட்டே குடியுங்கள், கிரியோலில் புயோன் பூல். காய்கறி சூப் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே கோழிச்சாறு ஊற்றுவது ஹோட்டல் உலகத்தில் சர்வ சாதாரணம். அதேபோல ஆசியச் சமையல் சாயலில் ஏதாவது வந்தால் மீன் சாஸ், சிப்பி சாஸ் இரண்டையும் கேளுங்கள்.

அன்றைக்குச் சிறந்தது நான்காவது தட்டுதான். சேம்பு இலையில் கடலை மாவும் புளியும் தடவிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, வட்டமாக நறுக்கி, வாட்டி, அதன்மேல் தேங்காய்ப் பால். சேம்பு இலையை ஒழுங்காக வேகவைக்காவிட்டால் தொண்டை அரிக்கும், அதில் இருக்கிற ஆக்ஸலேட் ஊசிகள் செய்கிற வேலை, அதனால்தான் கிராமத்தில் புளி சேர்க்காமல் அதைத் தொடமாட்டார்கள். அந்தச் சமையல்காரருக்கு அது தெரிந்திருந்தது. இந்தத் தட்டுக்கு மட்டும் நான் இன்னொரு முறை 3,500 கொடுப்பேன்.

நடுவில் ஐஸ் மாதிரி ஒரு கரண்டி வரும், இனிப்பு அதற்குள் வந்துவிட்டதே, சாப்பாடு முடிந்துவிட்டதா என்று திடுக்கிடாதீர்கள். வாயைக் கழுவிவிடுகிற சோர்பே அது, அடுத்த தட்டுக்கு நாக்கைத் தயார் செய்ய. பால் சேராத பழ ஐஸ்தான், ஆனால் சில இடத்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு விக்டோரியா அன்னாசி, மேலே ஒரு சிட்டிகை மிளகாய்ப்பொடியும் உப்பும். கடற்கரையில் சைக்கிள்காரர் சீவித் தருகிற அதே அன்னாசி.

முக்கியத் தட்டாக வந்தது பலாக்காய். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, எந்த வீகன் மெனுவைத் திறந்தாலும் பலாக்காயை நார் நாராகப் பிய்த்து இறைச்சி வேஷம் போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே நல்லவேளையாக வேஷம் இல்லை, மசாலாவில் கறியாகவே வைத்திருந்தார்கள், சோறு மட்டும் இரண்டு ஸ்பூன். "இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா" என்று கேட்கலாமா? கேளுங்கள், முகம் சுளிக்கமாட்டார்கள். நான் கேட்டேன், கொடுத்தார்கள்.

இனிப்பில்தான் பொறிகள் அதிகம். ஜெல்லி மாதிரி ஆடுவது எதுவானாலும் ஜெலட்டினா அகர் அகரா என்று கேளுங்கள், முன்னது மிருகத் தோலும் எலும்பும், பின்னது கடற்பாசி. பளீர்ச் சிவப்பு நிறம் கார்மைனாக இருக்கலாம், அது பூச்சியிலிருந்து எடுப்பது. வெள்ளையாக உப்பலாக மெரிங் (முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் செய்கிற இனிப்பு) வந்தால் உடனே பயப்படாதீர்கள், கேட்டுப் பாருங்கள், முட்டை இல்லாமலும் அதைச் செய்யலாம்: கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்தாலே முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைத்து நிற்கும், 2014இல் ஜொயெல் ரொஸ்ஸெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு சொன்னது, அக்வாஃபாபா என்று பெயர். இத்தனை வருஷம் சுண்டல் தண்ணீரைக் கீழே கொட்டின நம் வீட்டுக்காரர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. எங்களுக்கு அந்த மெரிங்கோடு தேங்காய்ப் பாலில் சவ்வரிசி வந்தது, ஏலக்காய் போட்டு. பாயசம்தான், சுற்றி வளைத்து வந்திருக்கிறது. கடைசியில் காபியோடு வருகிற குட்டி இனிப்புகளைத் தட்டோடு சரி என்று நம்பாமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் அவை எல்லா மேசைக்கும் பொதுவாகச் செய்து வைப்பவை, உங்களுக்கென்று செய்தது இல்லை. காத்தோ பதாத் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவுக்குள் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிப்பது.

குடிப்பதற்கு

ஒயின் திராட்சைதானே என்று நினைப்போம். ஆனால் கலங்கல் தெளிய முட்டை வெள்ளைக்கரு, பால்புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பை இவற்றில் ஒன்றைச் சேர்த்து வடிக்கிற வழக்கம் உண்டு. அதெல்லாம் வேண்டாம் என்பவர்கள் வீகன் என்று புட்டியில் எழுதியிருப்பதைக் கேட்கலாம். நான் குடிப்பதில்லை, தட்டுக்குத் தட்டு பழச்சாறு சேர்த்துத் தருகிற ஒரு வரிசை எடுத்தேன், இரண்டாவதோடு நிறுத்தியிருக்கலாம், எல்லாம் இனிப்பு. எலுமிச்சை பிழிந்த சோடா போதும். காபிக்குச் சோயாப் பால் இருக்கிறதா என்று சாப்பாடு தொடங்கும்போதே சொல்லிவையுங்கள், கடைசியில் கேட்டால் தேடிக்கொண்டு போவார்கள். இல்லையென்றால் இந்த ஊர்த் தேயிலையான போவா ஷெரி வனிலா தேநீர், பால் இல்லாமல். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

ஏதாவது தப்பு நடந்தால் சாப்பிட்டு முடித்தபின் பில்லோடு சண்டை போடாமல் அந்தத் தட்டு வந்தவுடனே சொல்லிவிடுங்கள். மாற்றித் தருவார்கள். பிடிக்காத தட்டை அப்படியே வைத்துவிடுவதிலும் தப்பில்லை, வந்து கேட்டால் காரணம் சொல்லுங்கள். எனக்கு நுரை பிடிக்காது, எச்சில் துப்பின மாதிரி இருக்கிறது என்று சொல்லவில்லை, நுரை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

டிப்ஸ் கட்டாயம் இல்லை, மனம் நிறைந்தால் வையுங்கள். நோட்டாக வைத்தால் வைக்கும்முன் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள், ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழில் எழுதியிருக்கும். 1998இல் அச்சடித்தபோது தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டுவிட்டார்கள் என்று இங்கத்தித் தமிழர்கள் போட்ட சத்தத்தில் அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அத்தை இந்தக் கதையை நோட்டைப் பார்க்கிறபோதெல்லாம் சொல்வார், அன்றைக்கும் சொன்னார், பரிமாறினவர் பொறுமையாக நின்று கேட்டார்.

கிளம்பும்முன் அன்றைய மெனு அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் எது நன்றாக இருந்தது, எதை மாற்றித் தந்தார்கள், யாரிடம் போனில் பேசினீர்கள் என்று அதன் பின்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த தடவை "அந்தச் சேம்பு இலை இருக்கிறதா" என்று ஆரம்பித்தால் பாதிப் பேச்சு மிச்சம். நவம்பர் டிசம்பரில் லிச்சி வந்ததும் நான் மறுபடி போன் செய்யப்போகிறேன், சோர்பேயில் அன்னாசிக்குப் பதில் அதைப் போடச் சொல்லி.